பதில்: நினைவு வளைவு நன்கொடை – என் 200 வெள்ளி வராது

செயலாளர் அண்ணனுக்கும் ஊர் உறவுகளுக்கும் வணக்கம்.

சாலையில் வண்டி மோதி இறந்த நம் ஓட்டக்காரப் பையனுக்கு நினைவு வளைவு கட்ட, தலைக்கு 200 சிங்கப்பூர் வெள்ளி கேட்டு அண்ணன் அனுப்பிய மடலை பர்மாவில் நம் ஊரில் வைத்துத்தான் படித்தேன். அவனுடைய பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். இரவு ஒன்பதுக்கு மேல்தான் மின்சாரம் வரும் என்றார்கள். இருட்டுத் திண்ணையில் கைப்பேசியைத் திறந்தபோது அவன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். "சங்கத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள் மதினி?" என்று கேட்டாள். "எல்லாரும் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லிக் கைப்பேசியை மூடிவிட்டேன். வளைவின் படத்தை அவளிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? மேலே அவன் பெயர், தேதிகள், ஓடுகிற இரண்டு கால்கள். கீழே தூணில் 'உபயம்' என்று போட்டு அரிசி மில் வீட்டின் பெயர். பாதிச் செலவு அவர்களுடையதாம். அவனை அடித்துப்போட்ட வண்டி யாருடையது என்று மடலில் ஒரு வரி இல்லை. 'சாலை விபத்தில் அகால மரணமடைந்த நம் ஊர்ச் செல்வம்' என்று மட்டும் இருக்கிறது. அந்தச் செல்வத்தின் பெயருக்குக் கீழே அந்த வீட்டின் பெயரையா வெட்டப் போகிறோம்?

நான் பார்த்ததைச் சொல்கிறேன். ரங்கூனுக்கு அக்கரையில் இருக்கும் சிரியத்திலிருந்து சௌத்தான் போகும் சாலையில், நம் ஊர் திரும்பும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மைல் கல் இருக்கிறதே, அங்கே என் தம்பி அழைத்துப் போனான். கல்லின் தலையில் தபியே இலைக் கொத்துகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள். ஜெயித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற இலை. அவனோடு ஓடிய பர்மியப் பையன்கள் காலையில் வந்து மாற்றிவிட்டுப் போகிறார்களாம். நான் பார்த்தது வாடாமல் இருந்தது. பஸ் டிரைவர்கள் கண்ணாடியில் தொங்கும் மல்லிகைச் சரத்தைக் கழற்றி அங்கே வீசிவிட்டுப் போகிறார்கள். தெற்குத் தெரு முஸ்லிம் வீடுகளிலிருந்து முதல் நாளே சோறு வந்தது. மடத்திலிருந்து பெரிய பொங்கி (புத்த பிக்கு) நடந்தே வந்து அவள் எதிரில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போனார். பேஸ்புக்கை 2021 பிப்ரவரியிலேயே தடை செய்துவிட்டார்கள், ஆனாலும் விபிஎன் போட்டு அவன் படத்தை ஊர் ஊராகப் பரப்பினார்கள். 'எங்கள் பிள்ளை' என்று பர்மிய மொழியில் எத்தனை பேர் எழுதினார்கள்! பள்ளிக்கூடத்தில் நம்மை வேறு பெயர் வைத்துக் கூப்பிட்டதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதைப் படித்து வாய்விட்டு அழுதேன்.

ஏன் இத்தனை பேர் அழுதார்கள் என்பது வெளியே இருக்கும் நமக்குச் சட்டென்று விளங்காது. 2024 பிப்ரவரியில் கட்டாய இராணுவச் சேவையை அறிவித்த பிறகு 18 வயது தாண்டிய பையன்கள் தாய்லாந்துக்கும் மலேசியாவுக்கும் போய்விட்டார்கள். திடலில் புல் முழங்கால் உயரம் வளர்ந்து கிடக்கிறது. விடியலில் ஓடுகிற காலடிச் சத்தம் இவன் ஒருவனுடையதுதான். டீக்கடைக்காரர் அதைக் கேட்டுத்தான் அடுப்பு மூட்டுவேன் என்றார்.

இரண்டாவது வாரம் பேச்சு திரும்பிவிட்டது. இருட்டில் ஏன் ஓடினான், தவறான பக்கத்தில் ஏன் ஓடினான், காதில் பாட்டு மாட்டியிருந்தானாம். நம் குழுவிலும் மோரே சித்தப்பா அதையே எழுதியிருக்கிறீர்கள். சித்தப்பா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு, அதனால்தான் விளக்கமாக எழுதுகிறேன்.

என் அப்பா சிரியம் லைனில் பஸ் ஓட்டியவர். 1993-இல் பாலம் திறப்பதற்கு முன்பு, படகில் வந்து இறங்கும் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு வருவார். 1970 டிசம்பர் 6 அன்று நாடு முழுவதும் போக்குவரத்தைச் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினார்கள். வண்டிகளை யார் மாற்றுவது? ஸ்டியரிங் அன்றும் வலப்பக்கம். ஜப்பானிலிருந்து பழைய கார்கள் வந்து குவிந்ததால் இன்றும் பல வண்டிகளில் வலப்பக்கம்தான். வலப்பக்கமாகப் போகிற சாலையில் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் ஒரு லாரி போனால் எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வண்டியின் முழு உடம்பையும் இடப்பக்கம் நீட்டிய பிறகுதான் கண்ணுக்குச் சாலை தெரியும். அதனால்தான் அப்பா இடப்பக்கம் ஸ்பேர் என்கிற உதவிப் பையனை நிறுத்தியிருப்பார். அவன் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக் குரல் கொடுத்த பிறகுதான் முந்துவார். ஒரு தடவை ஸ்பேருக்குக் காய்ச்சல் என்று, திரும்பி வரும்வரை ஒரு மாட்டு வண்டியைக்கூட முந்தவில்லை. பயணிகள் திட்டித் தீர்த்தார்கள். நான் அந்தப் பஸ்ஸில் இருந்தேன்.

இப்போது இவனைப் பாருங்கள். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி சாலையின் இடது ஓரத்தில் ஓடினான். வலப்பக்கமாக வண்டி போகிற நாட்டில் ஓடுகிறவனுக்கு அதுதான் சரியான பக்கம்; பயிற்சி கொடுத்தவர் சொன்னதும் அதுதான். திலாவா துறைமுகப் பக்கத்து கன்டெய்னர் லாரி ஒன்று அவனுக்குப் பின்னாலிருந்து தன் பக்கத்தில் ஒழுங்காகத்தான் வந்தது. அதை முந்த வெளியே பாய்ந்த வண்டி, சாலை முழுவதையும் தாண்டி இடது ஓரம்வரை வந்து அவன் முதுகில் அடித்தது. பக்கத்து இருக்கையில் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை. எதிரே வருவதைத்தான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகுக்கும் கண் வேண்டும் என்கிறீர்களா?

காதில் பாட்டும் இல்லை. அதிகாலையில் கொஞ்ச நேரம் மின்சாரம் வந்ததால் கைப்பேசி வீட்டில் சார்ஜில் கிடந்தது. அவன் அம்மா அதைக் கையில் எடுத்துக்கொண்டுதான் சாலைக்கு ஓடினாள்.

'விதி' என்று ஒருவர், 'காலம் முடிந்துவிட்டது' என்று ஒருவர். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 5 வயதிலிருந்து 29 வயதுவரை உள்ளவர்களை அதிகமாகக் கொல்வது சாலைதான். வண்டி 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 65-க்கு ஏறினால், அடிபடும் பாதசாரி சாகும் வாய்ப்பு நாலரை மடங்கு கூடுகிறது. இதில் விதிக்கு என்ன வேலை? மிதித்த கால் ஒன்று இருக்கிறது.

யார் கால்? மடலில் இல்லாத விஷயம் இதுதான். ஸ்டேஷனில் மில் வீட்டுச் சம்பள டிரைவர்தான் ஓட்டினார் என்று எழுதியிருக்கிறது. அவர் உள்ளே இருக்கிறார். ஸ்டியரிங் இருக்கும் வலது கதவைத் திறந்து இறங்கியது அந்த வீட்டுப் பேரன் என்று சாய்க்கார் (சைக்கிள் ரிக்‌ஷா) ஓட்டும் பெரியவர் கண்ணால் பார்த்திருக்கிறார். இறங்கி, கிடந்தவனைப் பார்த்து, திரும்ப ஏறிப் போயிருக்கிறான். டிரைவர் அந்த நேரம் மில் வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவர்கள் இருவர். இப்போது பெரியவர் வீட்டுக்கு இரண்டு தடவை அரிசி மூட்டை போயிருக்கிறது. இரண்டு தடவையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். மூன்றாவது மூட்டைக்கும் அப்படியே இருப்பாரா என்று தெரியவில்லை, அவர் வீட்டில் ஆறு வாய்.

வியாசர்பாடித் தம்பிக்குச் சட்டம் தெரியும். பர்மாவில் இன்னமும் வெள்ளைக்காரன் காலத்து 304ஏ பிரிவுதான். உங்கள் இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் அது 106 ஆகிவிட்டது. எண் எதுவானாலும், கவனமில்லாமல் செய்து உயிரைப் போக்கியவர் மேல்தான் குற்றம். ஓட்டியவர் யார் என்பதை மாற்றிவிட்டால் வழக்கில் மிச்சம் என்ன? ஃபவுஜா சிங் ஐயாவைப் பற்றித் தம்பி எழுதியிருந்தார். 2025 ஜூலை 14 அன்று ஜலந்தர் பக்கம் சொந்த ஊர்ச் சாலையில் வண்டி மோதி இறந்தார். 114 வயது என்பார்கள், உலகம் அறிந்த ஓட்டக்காரர். கேமராப் பதிவையும் உடைந்த விளக்குத் துண்டையும் வைத்து இரண்டு நாளுக்குள் ஓட்டியவனைப் பிடித்தார்கள். நம் சாலையிலும் விளக்குத் துண்டு கிடந்தது. என் தம்பி பொறுக்கித் துணியில் முடிந்து ஸ்டேஷனில் கொடுத்தான். ரசீது கேட்டதற்குத் திட்டு கிடைத்தது.

மில் தாத்தாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று அண்ணன் எழுதியிருக்கிறீர்கள். உண்மை. 2008 மே 2 இரவு நர்கிஸ் புயல் அடித்து, நாட்டில் 1,38,000 பேர் செத்தும் காணாமலும் போன அந்த வாரத்தில், மில் கிட்டங்கியைத் திறந்துவிட்டவர் அவர். ஈர அரிசிதான், அதைத்தான் என் அம்மா பதினோரு நாள் கஞ்சி வைத்தாள். இந்தப் பையனுக்கு இளஞ்சிவப்புக் குடியுரிமை அட்டை வாங்க இரண்டு வருடம் அலைந்தபோது ஆபீசில் வந்து கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். அந்த அட்டை இல்லாமல் இவன் தேர்வுக்கே போயிருக்க முடியாது. நான் எதையும் மறக்கவில்லை. தாத்தா உயிரோடு இருந்திருந்தால் பேரனைக் கையைப் பிடித்து ஸ்டேஷனுக்கு இழுத்துப் போயிருப்பார் என்று நம்புகிறேன். அந்த அரிசிக்கு ஈடாக ஒரு பிள்ளையைக் கேட்கிற மனிதர் அல்லர் அவர்.

போன தை மாதம் அந்த வண்டிக்கு நம் முனீஸ்வரர் கோயில் வாசலில்தான் பூசை போட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவன் நம் பையன்தான்; கோயில் வேலை எல்லாம் அவன்தானே செய்வான். வீடியோ நம் குழுவிலேயே இருக்கிறது. என்னால் அதைத் திரும்பப் பார்க்க முடியவில்லை.

பினாங்கு மாமா, நிலநடுக்க நிதிக் கணக்கை முடிக்காமல் புது வசூல் கூடாது என்று நான்கு மடல் போட்டிருக்கிறீர்கள். நியாயம். கணக்கை இத்துடன் இணைத்திருக்கிறேன்; சகாயிங்குக்கு அனுப்பிய தார்ப்பாய் ரசீது மூன்று குறைகிறது, என் தம்பியிடம் இருக்கிறது, வந்துவிடும். ஆனால் மாமா, பையனின் அப்பா உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வேலை செய்கிறார். கடவுச்சீட்டு முடிந்துபோய், கொள்ளி வைக்கக்கூட வர முடியாமல், கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பன் கொள்ளி வைத்தான். அவரை ஒரு நாள் போய்ப் பார்த்தீர்களா? 2011-இல் உங்கள் மகள் கல்யாணத்துக்கு இரவு முழுக்கப் பந்தல் போட்டவர் அவர்.

என் பணம் எங்கே போக வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். ரங்கூனில் ஒரு வக்கீல் அம்மா வழக்கை நடத்த ஒப்புக்கொண்டிருக்கிறார். அவருக்கு 300 வெள்ளி கொடுத்துவிட்டு வந்தேன். இன்னும் தேவைப்படும். பள்ளிக்கூடத்து முன்னால் வேகத்தடை போட ஊர்த் தலைவரிடம் மனு கொடுத்திருக்கிறோம்; செலவை ஊரே ஏற்றால் அனுமதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். மில் வீட்டார் கொடுப்பதாகச் சொல்லும் தொகையை வாங்கிக்கொண்டு 'யார் மேலும் புகார் இல்லை' என்று எழுதிக் கொடுக்கும்படி இதுவரை மூன்று பேர் அவளிடம் பேசியிருக்கிறார்கள். அதில் ஒருவர் இந்தக் குழுவில் இருக்கிறார். அவருக்குத் தெரியும். தயவுசெய்து இனிமேல் அவளைக் கூப்பிடாதீர்கள்.

நான் கிளம்பிய அன்று காலையில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தாலிக் கயிறு வெளியே விழுந்து ஆடியது. அதில் வரிசையாக நான்கு ஊக்குகள். கடைசிப் பந்தயத்தில் அவன் மார்பில் எண் குத்தியிருந்தவை. ஒன்று துருப்பிடித்திருந்தது, வேறு தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் மதினி என்று தலையாட்டி, கயிற்றை உள்ளே போட்டுக்கொண்டாள்.

ஒரு உதவி. இரண்டாம் நாள் ஸ்டேஷனிலிருந்து வந்து விசாரணைக்கு என்று அவன் கைப்பேசியை எடுத்துப்போய்விட்டார்கள். படமெல்லாம் அதில்தான். வீட்டில் இருப்பது அட்டைக்கு எடுத்த படம் ஒன்றுதான், அதில் முகம் இறுகியிருக்கிறது. மாலைக்குள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். போன பங்குனி உத்திரத்துக்கு ஊருக்குப் போனவர்கள் யாராவது அவன் வரப்பில் ஓடி ஜெயித்து, அலுமினியக் குடத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சிரித்தபோது படம் எடுத்திருந்தால் எனக்கு அனுப்புங்கள். பிரிண்ட் போட்டு அடுத்த ஆள் போகும்போது கொடுத்துவிடுகிறேன்.