வேலூர் காலியா இருந்த மக்களவையில பெரும்பான்மைக்கு 272-ஆ, 271-ஆ?

பாலாறு மணல்: 2019-ல நம்ம தேர்தல் ரத்தாகி வேலூருக்கு எம்.பி. இல்லாத சபையை வெச்சு எழுதின ரேடியோ காமெடியில, தரகர் "272 தலை வேணும்"னு கூவுறாரு. 543-ல ஒரு சீட் காலி, அதனால 271 போதும்னு நேத்து ஒரு மேதை திருத்தம் சொன்னாரு. 542-ல பாதிதான் 271. பாதி எப்பய்யா பெரும்பான்மை ஆச்சு?

கோட்டை அகழி: அந்த மேதை நான்தான், பேர் சொல்ல வாய் வரலியா? சபாநாயகர் சமநிலை வந்தாத்தான் ஓட்டுப் போடுவாரு. அவரைக் கழிச்சா 541, அதுக்கு 271.

பாலாறு மணல்: நேத்து இந்தக் காரணம் சொல்லலியே! விடையை வெச்சுக்கிட்டு கணக்கைத் தேடுறீங்க. அந்த சீன் சபாநாயகர் தேர்தலுக்கு முந்தி. 272.

கோட்டை அகழி: அரசியல் சட்டம் 100-வது பிரிவைப் படிங்க. தற்காலிகமா நாற்காலியில உக்காந்தவருக்கும் அதே விதிதான். 1999 நம்பிக்கை ஓட்டெடுப்புல வாஜ்பாய்க்கு 269, எதிர்ல 270. எவன் 272 தொட்டான்? வந்து ஓட்டுப் போட்டவங்க கணக்குதான்.

ரேடியோ பெட்டி: எண்ணை விடுங்க, சத்தத்தைப் பாருங்க. ஓட்டெடுப்புக்குக் கூப்பிடுற டிவிஷன் மணி சபையில மூணரை நிமிஷம் அடிக்கும். நாடகத்துல அஞ்சு நொடி போதும், அப்புறம் வசனத்துக்கு அடியில இறக்கிடணும். மேஜை தட்டுறதுக்கு, ஒரு தடவை பதிவு பண்ணின ஒரே டேக்கை பத்து தடவை அடுக்கியிருக்காங்க. கூட்டமா கேக்காது, ஒரே ஆள் பெருசா தட்டுற மாதிரிதான் இருக்கும். நாலு பேர் ப்ளைவுட்ல தட்டணும், மைக் ஆறடி தள்ளி, டேக்குக்கு டேக் இடம் மாறி.

கோட்டை அகழி: மணியை எவன் கேட்டான்? 271.

காட்பாடி ஜங்ஷன்: எம்.பி. இல்லைன்னு நாடகத்துல காட்பாடி டீக்கடைக்காரர் அழுறாரே, இன்னாபா இது? காட்பாடி அரக்கோணம் தொகுதி. ஏப்ரல் 18-லயே ஓட்டுப் போட்டாச்சு. அழ வேண்டியது குடியாத்தம், ஆம்பூர்.

பாலாறு மணல்: ரயிலுக்கு மட்டும் வேலூர், ஓட்டுக்கு அரக்கோணமா?

காட்பாடி ஜங்ஷன்: ரயில் இல்லாட்டி உங்க ஊருக்கு எவன் வர்றான்?

ஆம்பூரான்: எம்.பி.க்களை அடைச்சு வெச்ச ரிசார்ட்ல ஆம்பூர் பிரியாணியாம், தொட்டுக்க வெறும் தயிர்ப் பச்சடியாம். கத்திரிக்கா எங்க? எழுதினவன் வாணியம்பாடி தாண்டி வந்ததில்ல.

பாலாறு மணல்: கத்திரிக்காயை வெச்சு ஆட்சி அமைக்க முடியாது. ஆகஸ்ட் 5-ல நாம ஓட்டுப் போட்டு 543 சீட்டுக்கும் தேர்தல் முடிஞ்சுது. அப்பவும் 272. வேலூர் இருந்தாலும் 272, இல்லாட்டியும் 272. ஜோக்கே அதான்.

கோட்டை அகழி: நாற்காலியைக் கழிங்க. காலியா இருந்தப்ப 271, நிரம்பினதும் 272. நம்ம ஊரால ஒரு தலை கூடுது. வேலூருக்கு மதிப்பில்லைன்னு காட்டத்தான் இவ்ளோ கணக்கா?

பாலாறு மணல்: 272.

ரேடியோ பெட்டி: மேஜை சத்தத்தையாவது மாத்துங்கப்பா.

கோட்டை அகழி: 271.