அவசரம்: பழைய இராணுவ லேண்ட் ரோவர் 'டக்' என்ற ஒலியோடு நின்றுவிடுகிறது

சிப்புட் பட்டறை: வணக்கம். செம்பனைத் தோட்டத்தில் ஓடும் பழைய இராணுவ லேண்ட் ரோவர் ஒன்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் பட்டறைக்கு வந்திருக்கிறது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஓர் ஒலி மட்டும் கேட்கிறது, ஸ்டார்ட்டர் சுற்றவில்லை. பேட்டரி புதியதுதான். நாளை மறுநாள் வண்டி தோட்டத்தில் இருக்க வேண்டும்.

கிந்தா டீசல்: பெட்ரோலா, டீசலா? எந்த மாடல்? 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? இவற்றைச் சொல்லாமல் மருந்து கேட்கிறீர்களே.

லயத்து அண்ணன்: பேட்டரியை வண்டியின் உடலோடு இணைக்கும் எர்த் வயரைக் கழற்றிப் பாருங்கள், தம்பி. செம்பனைச் சேற்றில் ஓடும் வண்டிக்கு வேறு நோய் வருவதில்லை.

பழைய சிப்பாய்: இராணுவப் பட்டறையில் 21 ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் முதலில் பாகத்தை வாங்குகிறார்கள், பிறகுதான் பழுதைத் தேடுகிறார்கள். வானொலிக் கருவி பொருத்துவதற்கென்று வந்த வண்டியானால் அதில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைந்து 24 வோல்ட் தரும். இரண்டையும் தனித்தனியாக அளந்து, எதில் நீர் குறைகிறது என்றும் எழுதுங்கள்.

சிப்புட் பட்டறை: மன்னிக்கவும், ஐயா. சீரிஸ் 3, பெட்ரோல், 24 வோல்ட். எர்த் பக்கத்துப் பேட்டரி 11.6 காட்டுகிறது, அதில் நீர் நிறைந்திருக்கிறது. மற்றது 12.8; ஆனால் தகடு வெளியே தெரியும் அளவுக்கு நீர் வற்றி, மூடியைச் சுற்றி வெண்பொடி பூத்திருக்கிறது. டிரைவர் பாட்டுக் கேட்பதற்காக எர்த் பக்கத்துப் பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுத்திருக்கிறார்கள். அதைச் சொல்லத் தோன்றவில்லை.

பழைய சிப்பாய்: சொல்ல வேண்டியதே அதுதான். பாட்டுப் பெட்டி ஒரு பேட்டரியை மட்டும் உறிஞ்சுகிறது. ஆனால் சார்ஜ் ஆகும்போது இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய்கிறது என்பதால், காலியானது நிரம்புவதற்குள் ஏற்கெனவே நிரம்பியிருந்த மற்றது கொதித்து நீரை இழக்கிறது. தனித்தனியாகச் சார்ஜ் செய்யுங்கள். ஒன்று தேறாவிட்டாலும் இரண்டையும் ஒரே வகையில், ஒரே நாளில் மாற்றுங்கள். பாட்டுப் பெட்டிக்கு 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டரை இரண்டுக்கும் சேர்த்துப் போடுங்கள்.

கிந்தா டீசல்: இராணுவ வானொலியே இல்லாத வண்டிக்கு 24 எதற்கு? எல்லாவற்றையும் 12 ஆக்கிவிட்டால் எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும்.

பழைய சிப்பாய்: ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், இக்னிஷன் காயில், விளக்குகள் அனைத்தையும் மாற்றும் செலவை நீங்கள் தருவீர்களா?

கிந்தா டீசல்: ஒருமுறை செலவு, அதன்பின் நிம்மதி.

லயத்து அண்ணன்: எர்த் வயரை இன்னும் யாரும் பார்க்கவில்லை.

சிப்புட் பட்டறை: வற்றிய பேட்டரி தேறவில்லை, இரண்டையும் மாற்றி, கன்வெர்ட்டரும் போட்டாயிற்று. வண்டி ஓடுகிறது. நன்றி, ஐயா. எர்த் வயரின் அடியிலும் பச்சை பிடித்துத்தான் இருந்தது, அண்ணே.