முகத்திரைத் தடை: உங்கள் கண்முன் நடந்ததை மட்டும் எழுதுங்கள்

மட்டுநகர் டீச்சர்

2019இல் இலங்கையில் வந்த முகத்திரைத் தடை சரியா பிழையா என்று எங்கள் வீட்டிலேயே மூன்று தரம் சண்டை பிடித்து ஓய்ந்துவிட்டோம். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். முகம் மூடிய ஒருத்தியோடு, அல்லது முகம் மூடிய ஒருத்தியாக, உங்களுக்கு என்ன நடந்தது? அதை எழுதுங்கள். நான் தொடங்குகிறேன். பெருமைப்படும் கதை இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. எங்கள் ஊர் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது ஞாயிறு பாடசாலை முடிந்த பிள்ளைகள் வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வெடிக்கவைத்தவன் ஒரு முஸ்லிம் தீவிரவாதக் குழுவைச் சேர்ந்தவன். அந்தக் கிழமை முழுக்க தெருத்தெருவாகத் துக்கத்தின் வெள்ளைக் கொடி.

நாலைந்து நாள் கழித்து கல்முனைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். நிற்கிற கூட்டம் இல்லை. காத்தான்குடியில், வீதி நடுவே ஈச்சமரங்கள் நிற்கிற இடத்தில், ஒரு பெண் ஏறினாள். கண் மட்டும் தெரிந்தது. மற்ற இருக்கைகளில் எல்லாம் ஆண்கள் இருந்ததால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை, உடம்பு தானாகச் செய்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. ஒரு சொல் பேசவில்லை. மடியில் இருந்த பையின் சிப்பை இழுத்து, நான் பார்க்கும்படி அகல விரித்துப் பிடித்தாள். சோற்றுப் பெட்டி, குழந்தைச் சட்டை ஒன்று, கிளினிக் கொப்பி. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கல்லடிப் பாலம் வரும்வரை அந்தப் பை திறந்தே இருந்தது.

தேவாலயத்துக்கு வந்தவன் முகத்தைத் திறந்துகொண்டுதான் வந்தான், முதுகில் பையோடு. அது எனக்கு அன்றே தெரியும். தெரிந்தும்தான் காலை இழுத்தேன். 29ஆம் திகதி அவசரகாலச் சட்டத்தின் கீழ் முகத்திரைக்குத் தடை வந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அந்தப் பெண்ணை மறுபடி கண்டால் எனக்குத் தெரியாது. அவளுக்கு என்னைத் தெரியும்.

ஆத்தங்கரை உம்மா

டீச்சர், நான் ஒன்பது வருஷம் முகம் மூடினவ. ஒருத்தரும் அடிச்சு மூடச் சொல்லல்ல. மதரஸாவுல கூடப் படிச்ச எல்லாரும் மூடினாங்க, நானும் மூடின. பிறகு பழகிட்டு. வெயிலுக்கும் நல்லம், கடன்காரனுக்கும் நல்லம் எண்டு எங்களுக்குள்ள சிரிக்கிற.

அரசாங்க வர்த்தமானியில தடை வாறதுக்கு முன்னமே மௌலவிமார்ட சபை ஜம்இய்யத்துல் உலமா சொல்லிட்டாங்க, இந்த நேரத்துல முகம் மூடாம இருங்க எண்டு. கழட்டின. எண்டாலும் வெளிய போகல்ல. மூடிப் போக ஏலாது, மூடாமப் போக எனக்குத் தெரியாது. ரெண்டு மாசம் வீட்டுக்குள்ள. மகன்ட ஊசி ஒண்டு பிந்திப்போய் மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கே வந்து ஏசிட்டுப் போனாங்க. ஏசினதும் நியாயம்தான்.

முதல் நாள் மீன் வாங்கத்தான் போன. மூடி இரிக்கக்குள்ள கண்ணாலயும் குரலாலயும் விலை பேசலாம், முகத்தை என்ன செய்யிற எண்ட யோசனையே இல்ல. அண்டைக்கு வாய் தானாச் சிரிக்கிது. சிரிச்சா என்ன நினைப்பாங்களோ எண்டு இறுக்கினா, கோபக்காரி மாதிரி ஆகிது. போதாததுக்கு மூக்குக்கு மேல ஒரு நிறம், கீழ ஒரு நிறம். மீன்காரர் வயசு போன ஆள். அவர் ஏறிட்டே பார்க்கல்ல. சூரையை வெட்டிக்கிட்டே, "என்ன மகள், கன நாளாக் காணல்ல" எண்டார். குரல வச்சே பிடிச்சிட்டார். வீட்ட வந்து அழுத. ஏன் அழுத எண்டு இப்பவும் சொல்லத் தெரியல்ல.

பிறகு கொரோனா. முகம் மூடாட்டிப் பொலிஸ் பிடிக்கிற காலம் வந்திச்சு! நானும் மாஸ்க்கைப் போட்டுக்கிட்டு டவுனுக்குப் போன, ஒரு குருவி திரும்பிப் பார்க்கல்ல. அதே வருஷம்தான் கொரோனாவுல இறந்த எங்கட ஆக்கள்ட ஜனாஸாக்கள அடக்கவிடாம எரிச்சதும். அது வேற வேதனை, இங்க எழுதல்ல.

தலவாக்கலைக்காரன்

நான் எதிர்ப் பக்கத்துல நின்னவன். கொழும்புல ஒரு பெரிய துணிக்கடை, பேர் வேணாம். வாசல்ல செக்கியூரிட்டி.

தடை வந்து ரெண்டாம் நாளே கண்ணாடியில ஒரு தாள் ஒட்டினாங்க. ஹெல்மெட் படம், முகமூடி படம், ரெண்டுக்கும் சிவப்புக் கோடு. மூணாவது படம் முக்காடு, அதுக்குப் பச்சை. பார்த்தா லேசான வேலை மாதிரிதான் இருந்துச்சு. ஆனா எங்க சூப்பர்வைசர், "காதும் தெரியணும், தெரியாட்டி உள்ள விடாத"ன்னுட்டார். வர்த்தமானியில என்ன எழுதியிருக்குன்னு எனக்கென்ன தெரியும்? சம்பளச் சீட்டுல கையெழுத்துப் போடுறவர் அவர்தான்.

ஒரு பாட்டி வந்தாங்க, சேலை முந்தானையை முக்காடா போட்டுக்கிட்டு, கூட பேரன். கல்யாணத்துக்குத் துணி எடுக்க. எங்க அம்மாவை விட வயசு. "பாட்டி, காதக் காட்டுங்க"ன்னு கேட்டேன். கேக்கும்போதே நாக்கு கூசுச்சு. அவங்க முக்காட்டை ஒரு பக்கமா ஒதுக்கி, "பாத்துக்க மகன், தோடு இல்ல, அடகுல இருக்கு"ன்னாங்க. நான் சிரிச்சிட்டேன். பேரன் சிரிக்கல. அந்தப் பையன் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கு.

முகம் மூடி வந்தவங்க மொத்தம் எத்தனை பேர்னு கேட்டா, நாலு மாசத்துல ஒருத்தர்கூட இல்ல. நான் நிப்பாட்டினது எல்லாம் முக்காடுதான்.

ஆகஸ்ட் 22ஆம் திகதியோட அவசரகாலச் சட்டம் முடிஞ்சு போச்சு. தாள் மட்டும் டிசம்பர் வரைக்கும் ஒட்டியபடியே இருந்துச்சு. கிறிஸ்மஸ் நட்சத்திரம் ஒட்ட இடம் வேணும்னு கிழிச்சாங்க.

மட்டுநகர் டீச்சர்

தம்பி, அந்த மே மாதக் கடைசியில் அரசாங்கக் கந்தோர்களுக்கு ஒரு சுற்றறிக்கையும் வந்தது, பெண்கள் சேலை அல்லது ஒசரிதான் (கண்டிச் சேலை) உடுக்க வேண்டும் என்று. பிறகு மாற்றினார்கள். இடையில் எங்கள் பக்கம் அபாயா என்கிற நீள அங்கி உடுத்துகிற உத்தியோகத்தர்கள் சிலர் சேலையை மேலே சுற்றிக்கொண்டு வந்ததைக் கண்டேன். முகத்தில் தொடங்கியது எங்கே போய் நின்றது பாருங்கள்.

சோனகதெரு ராத்தா (இப்போது புத்தளம்)

எல்லாரும் ஒரே பக்கம் சாய்கிறீர்கள். எனக்கு ஏச்சு விழும், விழட்டும். நான் தடையை வரவேற்றவள்.

யாழ்ப்பாணத்தில் என் உம்மா சேலை கட்டி முக்காடு போட்டவர். 1990 ஒக்டோபரில் புலிகள் எங்களை வெளியேற்றியபோது அதே சேலையோடுதான் நடந்தார். கறுப்பு அபாயா எங்கள் முகாம் வாழ்க்கையில் மெல்ல மெல்ல வந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டுவந்தது பாதி, பயான் (மார்க்கப் பிரசங்கம்) பண்ண வந்தவர்கள் கொண்டுவந்தது பாதி. அபாயாவோடு எனக்கு ஒரு மனஸ்தாபமும் இல்லை. நானும் உடுக்கிறேன், ஐந்து நிமிடத்தில் வெளிக்கிடலாம். முகத்தை மூடுவது மட்டும் எங்கள் பெத்தம்மா காலத்தில் இருந்ததில்லை.

என் இளைய மகன் கல்யாணம் முடித்த ஆறாம் மாதம் மருமகளை மூடச் சொன்னான். அவள் தையல் வகுப்பு நடத்தியவள், வாய் நிறையப் பேசுகிறவள். மூடிய பிறகு பேச்சும் குறைந்தது. நான் சொல்லிப் பார்த்தேன். "உங்களுக்கு மார்க்கம் தெரியாது உம்மா" என்றான். ஐந்து வேளையும் தொழக் கற்றுக்கொடுத்த என்னிடம்!

29ஆம் திகதி காலை அவள் நிகாபை நாலாக மடித்து என் கையில் தந்து, "மாமி, நீங்களே வச்சிருங்க" என்றாள். பெற்றவள் சொல்லிக் கேட்காதவன் அரசாங்கம் சொல்லிக் கேட்டான்.

ஓகஸ்டில் சட்டம் போனதும் மறுபடி பேச்செடுத்தான். "இன்னும் பொலிஸ் பிடிக்கிறது, போன கிழமையும் ஒருத்தியைப் பிடித்தார்களாம்" என்று இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொன்னோம். 2021 ஏப்ரலில் அமைச்சரவை நிரந்தரத் தடைக்குச் சம்மதித்தது என்று செய்தி வந்ததும் அந்தப் பொய்க்கு இன்னும் பலம். பிறகு அது சட்டமாகவில்லை. அதை யாரும் அவனிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

ஆத்தங்கரை உம்மா

ராத்தா, உங்கட மருமகளுக்குச் சலாம் சொல்லுங்க. ஆனா ஒண்டு. அவ கழட்டி வெளிய வந்தா. நான் கழட்டி வீட்டுக்குள்ள போன. சட்டம் ஒண்டுதான்.

சோனகதெரு ராத்தா

அது உண்மை மகள். உன் கதையை வாசித்த பிறகுதான் அப்படியும் நடந்திருக்கும் என்று யோசித்தேன். எண்டாலும் நான் மாறமாட்டேன்.

அக்கரைப்பற்று மேற்பார்வை

பாதுகாப்பு, அடையாளம் என்று பேசுகிறவர்களுக்காக ஒரு சின்ன விஷயம். பரீட்சை மண்டபத்தில் பல வருடம் நின்றவள் நான். முகம் மூடி வருகிற பிள்ளையை என்ன செய்வோம் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய், ஒரு பெண் மேற்பார்வையாளர் முகத்தைத் திறக்கச் சொல்லி, அடையாள அட்டைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். இரண்டு நிமிட வேலை. எந்தப் பிள்ளையும் மறுத்ததில்லை. என் அனுபவத்தில் சண்டை வந்தது ஒரே ஒருதரம்தான். அன்று பெண் மேற்பார்வையாளர் லீவு, அவசரத்தில் ஓர் ஆண் ஆசிரியர் திறக்கச் சொல்லிவிட்டார். பிழை எங்களில்.

2019 உயர்தரப் பரீட்சை ஓகஸ்ட் 5ஆம் திகதி தொடங்கியது, தடை இருந்தது. பரீட்சை முடியும்போது தடை இல்லை. நடுவில் ஒரு நாள் காலையில் வாசலில் நின்ற இரண்டு பொலிசாருக்கும் எனக்கும் இப்போது சட்டம் என்ன என்று தெரியவில்லை. மூன்று பேரும் தேநீர் குடித்துக்கொண்டு அதைப் பற்றிக் கதைத்தோம். பிள்ளைகள் யாரும் மூடி வரவில்லை, ஆகவே தீர்ப்புச் சொல்லும் சிரமம் வரவில்லை.

லாச்சப்பல் மாமா

பிரான்சில 2011 ஏப்ரல் 11 இல இருந்து தடை. முகத்தை மூடினா தண்டம் 150 யூரோ வரை. 2020ல பஸ்ஸுக்குள்ள மாஸ்க் போடாட்டி தண்டம் 135 யூரோ. ரெண்டு சட்டமும் ஒரே பஸ்ஸில ஒரே நேரத்தில ஓடினது. அந்த பஸ்ஸை ஓட்டினவன் நான்.

ஒருநாள் ஒரு மனுசி நீல மாஸ்க்கைப் போட்டு, அதுக்கு மேல சால்வையையும் சுத்திக்கொண்டு ஏறினா. நான் ஒருக்கா அவவைப் பாத்தன், அவ ஒருக்கா என்னைப் பாத்தா. நானும் மாஸ்க். கார்ட்டை வைச்சா, பீப் எண்டுது, போய் இருந்திட்டா. அவ்வளவுதான் கதை.

பேர்ன் பெரியம்மா

மாமா சிரிப்பாகச் சொல்கிறார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவிசில் இதை நாங்கள் வாக்குப் போட்டுக் கொண்டுவந்தோம். 2021 மார்ச் 7. நான் "ஆம்" போட்டேன்.

என் ஊர் மட்டக்களப்பு. வாக்குச் சீட்டைக் கையில் எடுத்தபோது எனக்குத் தெரிந்தது சீயோன் கோயில் வாசல். 51.2 வீதத்தில் வென்றது, அதில் என் ஒன்றும் இருக்கிறது. 2009ல் பள்ளிவாசல் மினாராவைத் தடுக்கவும் இப்படித்தான் வாக்கெடுத்தார்கள், அப்போது எனக்குப் பிரஜாவுரிமை இல்லை. சுவிசில் குடியிருந்து முகம் மூடுகிறவர்கள் நாடு முழுக்க முப்பது பேர் அளவில்தான் என்று லூசேர்ன் பல்கலைக்கழகத்தில் கணக்குப் பார்த்திருந்தார்கள். அதை நான் வாசித்தது வாக்குப் போட்ட பிறகு.

நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவு. நான் கண்ட முகத்திரை எல்லாம் கோடையில் வளைகுடாவிலிருந்து வருகிற குடும்பங்கள். அதில் ஒரு தாய், மூன்று வருடம் தொடர்ந்து எங்கள் ஹோட்டலுக்கே வந்தார். கதவைத் தட்டி நான் உள்ளே போனதும் திரையைத் தூக்கிவிட்டுச் சிரிப்பார். பெண்களுக்கு முன்னால் மூட வேண்டியதில்லையே. பேரீச்சம்பழம் ஒரு பிடி என் ஏப்ரனுக்குள் போடுவார். அந்த முகத்தை எங்கள் மனேஜர் கண்டதில்லை, லிப்ட்டில் வந்த சுவிஸ்காரர் கண்டதில்லை. துப்புரவுக்காரி நான் கண்டேன்.

சட்டம் 2025 ஜனவரி 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. தண்டம் 1000 பிராங் வரை. ஃபாஸ்னாக்ட் திருவிழா முகமூடிக்கு விலக்கு உண்டு, குளிருக்குச் சுற்றுகிற சால்வைக்கும் விலக்கு உண்டு. அந்தக் கோடை அந்தத் தாய் வரவில்லை. தடைதான் காரணமா, வயதா, வேறேதுமா, யாரைக் கேட்பது?

பேர்னில் எங்கள் கோயில் பல சமயத்தாருக்கும் பொதுவான ஒரு கட்டடத்தில் இருக்கிறது. அதே கூரையின் கீழ் பள்ளிவாசலும் இருக்கிறது. அங்கே வருகிற பெண்களோடு நின்று கதைப்பேன், பிள்ளைகளை விசாரிப்பேன். என் வாக்கைப் பற்றி மட்டும் இதுவரை வாய் திறந்ததில்லை. இங்கேதான் முதல் தரம் எழுதுகிறேன்.

தலவாக்கலைக்காரன்

டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? அந்த பஸ்ஸுல அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே?

மட்டுநகர் டீச்சர்

பேசியிருக்கலாம்.

ஆத்தங்கரை உம்மா

டீச்சர், அது நான் இல்ல. ஆனா நானும் அப்பிடித் தொறந்து காட்டினவதான். ஒருத்தரும் கேக்காமலே, பார்மசியில, பேங்க் வரிசையில. கை தானாப் போயிரும்.

பிறகு பள்ளிக்கூடப் புள்ளைகளுக்கு உள்ளுக்குள்ள தெரியிற பிளாஸ்டிக் பை வந்திச்சே, ஞாபகமா? மகளுக்கு ஒண்டு வாங்கக்குள்ள எனக்கும் ஒண்டு வாங்கின. தொறக்கிற வேலை மிச்சம். ரெண்டு வருஷம் அதோடதான் திரிஞ்ச. சிப் பிஞ்சு போய்ட்டு, பை இன்னும் இரிக்கி. குசினியில தொங்குது, வெங்காயம் போட்டு வச்சிரிக்கன்.