செல்போனில் 36, டபிள்யூபிஜிடி மீட்டரில் 28.8: எதை நம்பிப் பயிற்சி நடத்துவது?

பந்துக்களம்:
பள்ளிப் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித் தருகிறேன். வெயில் உடம்பை எவ்வளவு வாட்டும் என்று அளக்கவே வாங்கிய டபிள்யூபிஜிடி மீட்டர், செல்போன் 36 டிகிரி காட்டும் மதியத்தில் 28.8 காட்டுகிறது. பிள்ளைகளோ கால் மணி நேரத்திலேயே துவண்டுவிடுகிறார்கள். மீட்டர் பழுதா? அளப்பது பார்வையாளர் மாடத்தில், பையிலிருந்து எடுத்ததும்.

வெயில்மானி:
மீட்டர் பழுதாக இருக்காது சார். செல்போன் சொல்வது நிழலில் உள்ள காற்றின் வெப்பம். உங்கள் மீட்டர் மூன்றைச் சேர்த்துக் கணக்கிடுகிறது: ஈரக்குமிழ் வெப்பம் (ஈரத்திரி சுற்றிய வெப்பமானி காட்டுவது) 70 சதவீதம், வெயில் காயும் கருப்பு உருண்டை 20, காற்று 10. வியர்வை உலர்ந்தால்தானே உடம்பு குளிரும்? அதனால்தான் ஈரக்குமிழுக்கு அவ்வளவு பங்கு. ஆகவே காற்றின் வெப்பத்தைவிட எண் குறைவாக வருவது இயல்பு. 28.8-ஐ ‘29 டிகிரி வெயில்’ என்று படிக்காதீர்கள்.

ஆனால் மாடத்து நிழலில் அந்த உருண்டைக்கு வேலையே இல்லை. பிள்ளைகள் ஓடும் இடத்திலேயே, இடுப்புக்குச் சற்று மேல் உயரத்தில், ஸ்டாண்டில் வையுங்கள். கையில் பிடித்தால் உங்கள் நிழல் விழும். பெரிய உருண்டை என்றால் நிலைப்பட 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். ஈரத்திரி உள்ள மாடலானால் திரி சுத்தமாக, காய்ச்சி வடித்த நீரில் நனைந்திருக்க வேண்டும்.

பந்துக்களம்:
மைதான நடுவில் அரை மணி நேரம் வைத்தேன். ஈரக்குமிழ் 27, உருண்டை 48, காற்று 36. மொத்தம் 32.1! பயிற்சி நடத்தலாமா?

வெயில்மானி:
அந்த நேரத்தில் வேண்டாம். 2014 உலகக் கோப்பையில் 32-ஐத் தாண்டினால் இடைவேளை என்று ஃபிஃபா வைத்திருந்தது. அது தேறிய ஆட்டக்காரர்களுக்கு. பிள்ளைகளுக்குக் காலையிலோ மாலையிலோ வையுங்கள், அப்போதும் அளந்துவிட்டே தொடங்குங்கள்.

களமருந்து:
ஒன்று சேர்க்கிறேன். உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் பிடிக்கும். விடுமுறை முடிந்து வந்தவர்களையும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களையும் மற்றவர்களோடு சேர்த்து ஓடவிடாதீர்கள். எண் குறைவாக இருந்தாலும் ஒரு பிள்ளை உளறினாலோ, நடை தடுமாறினாலோ ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று விட்டுவிட வேண்டாம், ஓடும்போது வருவதில் வியர்வை இருக்கும். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, வரும்வரை காத்திராமல் கழுத்துவரை ஐஸ் தண்ணீரில் இறக்குங்கள், தலையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும். தொட்டியும் ஐஸும் மைதானத்தில் தயாராக இருக்கும் நாளில் மட்டும் கடுமையான பயிற்சி வையுங்கள்.

பந்துக்களம்:
சரி சார், நாளை முதல் காலை ஆறு மணிக்கு மாற்றிவிட்டேன். தொட்டிக்கும் சொல்லியாயிற்று.