வாரண்டில இருக்கிற காருக்கு ஏசி ரிப்பேர்னு 10,620 ரூபா பில், இது நியாயமா?

கொங்குடிரைவ்
வண்டி வாங்கி ரெண்டரை வருஷம் ஆச்சு, கம்பெனி வாரண்டி மூணு வருஷம். ஏசி கூலிங் வரலைன்னு டீலர்கிட்ட விட்டேன். டேஷ்போர்டுக்குள்ள கூலிங் காயில் லீக்குன்னு கண்டுபிடிச்சு காயிலை வாரண்டில ஃப்ரீயா மாத்திட்டாங்க. ஆனா டெலிவரிக்குப் போனா பில்லு நீட்டுறாங்க. டேஷ்போர்டு கழட்டி மாட்ட லேபர் 6,500, ஏசி கேஸ் 2,100, கம்ப்ரசர் ஆயில் 400, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, ஆக 10,620. முன்னாடி எஸ்டிமேட்டும் இல்ல போனும் இல்ல, ஜாப் கார்டுல ஏசி செக்னு ஒரு வரி இருக்கு, கீழ என் கையெழுத்து, அவ்வளவுதான். கேட்டா வாரண்டி பார்ட்டுக்கு மட்டும்தான் சார், செக் பண்ற லேபர் உங்க பக்கம்னு சொல்றாங்க. கட்டுனாதான் சாவின்னதால கட்டிட்டேன். திருப்பி வாங்க முடியுமா?

சர்வீஸ்பக்கம்
நான் வேற கம்பெனி டீலர்கிட்ட பல வருஷம் சர்வீஸ் அட்வைசரா இருந்தவன், அந்தப் பக்கத்தையும் சொல்லணும். வாரண்டி வேலைக்கு கம்பெனி எங்களுக்குத் தர்ற லேபர் ரேட்டு கஸ்டமர்கிட்ட வாங்குறதை விட கம்மி. போட்டோ சரியில்ல, பழைய பார்ட்டு அனுப்பல, டெஸ்ட் ரிப்போர்ட்டு இல்லன்னா க்ளைமே ரிஜெக்ட் ஆகும், நஷ்டம் டீலருக்கு. இன்னொன்னு, டேஷ்போர்டைக் கழட்டுனதுக்கு அப்புறம் காயில் நல்லாதான் இருக்கு, முன்னாடி இருக்கிற கண்டென்சர்ல, அதாவது ஏசி சூட்டை வெளிய தள்ளுற பார்ட்டுல, கல்லு பட்டு ஓட்டைன்னு தெரிஞ்சா என்ன பண்றது? கல்லடி வாரண்டில வராது. மெக்கானிக் நாள் பூரா பாத்த வேலைக்கு யாரு கூலி தர்றது? அதனாலதான் டயக்னோசிஸ் சார்ஜ்னு, கோளாறைக் கண்டுபிடிக்கிற கூலின்னு, ஒண்ணு இருக்கு.

நெல்லைடாக்ஸி
அண்ணே நீங்க சொல்றது கண்டென்சர் ஓட்டையா இருந்தா. இவருக்குப் போனது காயிலுதானே? வாரண்டில வர்ற பார்ட்டுல வாரண்டில வர்ற கோளாறு, அப்புறம் அதை மாத்த டேஷ்போர்டைக் கழட்டுனதுக்கு இவரு ஏன் காசு குடுக்கணும்? டேஷ்போர்டைக் கழட்டாம அந்த காயிலை மாத்தவே முடியாதுல்ல, அப்போ அது மாத்துற வேலையிலயே சேந்ததுதானே. எனக்கு என்ன சந்தேகம்னா கம்பெனிக்கும் அதே லேபருக்கு க்ளைம் போட்டுட்டு இவருகிட்டயும் வாங்கிட்டாங்களோன்னுதான். அதை முதல்ல கேளுங்க, கம்பெனிக்குப் போன வாரண்டி க்ளைம் காப்பிய காட்டச் சொல்லுங்க.

ஏசிமெக்கானிக்_கரூர்
தொழில் பண்றவன்ங்கிற முறையில சொல்றேன், லீக் எங்கன்னு பாக்க எடுத்த எடுப்புல டேஷ்போர்டைக் கழட்டவே வேணாம். கண்டென்சர் முன் கிரில்லுக்குப் பின்னாடிதான் இருக்கு, லீக்னா ஆயில் கசிஞ்ச கறை கண்ணுக்கே தெரியும், இல்லன்னா யூவி டைங்கிற ஒளிர்ற சாயத்தை உள்ள விட்டு யூவி லைட் அடிச்சா தெரிஞ்சுடும். காயில் லீக்னா ஏசி வென்ட்டுலயோ தண்ணி வெளிய வர்ற டிரெய்ன் பைப்லயோ லீக் டிடெக்டரை வச்சா பெரும்பாலும் காட்டிக் குடுத்துடும். எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியாதான் டேஷ்போர்டுல கை வைக்கணும். அதனால செக் பண்ண கழட்டுனோம்ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன், மாத்தத்தான் கழட்டியிருப்பாங்க.

சர்வீஸ்பக்கம்
கரூர் அண்ணே, உங்க கடைல நீங்களே முதலாளி, பாத்ததும் முடிவெடுப்பீங்க. எங்களுக்கு கம்பெனி சொன்ன வரிசைலதான் செக் பண்ணணும், ஒவ்வொண்ணுக்கும் போட்டோ வேணும். சாவி தரலைன்னு ஒரு கோபம் தெரியுது, அதுக்கும் சட்டம் இருக்கு. 1872 ஒப்பந்தச் சட்டம் 170வது பிரிவுப்படி வேலை செஞ்சவன் கூலி வர்ற வரைக்கும் பொருளைப் பிடிச்சு வச்சுக்கலாம்.

கோர்ட்டுவாசல்
170 சரிதான், ஆனா அது நியாயமா வர வேண்டிய கூலிக்கு. எஸ்டிமேட்டே குடுக்காம, ஒப்புதலே வாங்காம போட்ட தொகை வர வேண்டிய கூலியாங்கிறதுதான் இங்க கேள்வியே. கொங்கு சார், பணம் கட்டுனப்ப பில்லுல ஆட்சேபத்தோட கட்டுறேன்னு எழுதுனீங்களா? இல்லன்னாலும் பரவாயில்ல, உடனே டீலருக்கும் கம்பெனி கஸ்டமர் கேருக்கும் ஒரே மெயில்ல எழுதிடுங்க. அவங்க கைவிரிச்சா 1915க்கு போன் பண்ணி தேசிய நுகர்வோர் உதவி மையத்துல பதிவு பண்ணுங்க. அதுலயும் முடியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல நீங்க குடியிருக்கிற ஊர்லயே கேஸ் போடலாம், டீலர் இருக்கிற ஊருக்கு அலைய வேணாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. டீலரையும் கம்பெனியையும் ரெண்டு பேரையுமே எதிர்த் தரப்பா சேருங்க, ஏன்னா டீலர் தனி நாங்க தனின்னு கம்பெனி கழண்டுக்கப் பாக்கும்.

கொங்குடிரைவ்
ரொம்ப நன்றி சார். ஒரு விஷயம் விட்டுட்டேன், போன கோடைல எங்க ஏரியா கடைல ஒரு தடவ ஏசிக்கு கேஸ் அடிச்சேன். டீலர் மேனேஜர் அதைப் பிடிச்சுக்கிட்டு, வெளிய கை வச்சதுக்கு வாரண்டியே தந்திருக்கக் கூடாது, நாங்க தந்ததே பெருசுன்னாரு. இது நுகர்வோர் வழக்குக்கு இடிக்குமா?

கோர்ட்டுவாசல்
வாயால சொல்றதுக்கெல்லாம் பயப்படாதீங்க. 2014 ஆகஸ்ட்ல, கம்பெனிகள் நியாயமா போட்டி போடுதான்னு பாக்குற இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி அபராதம் போட்டப்ப இதையும் சேத்துதான் சொல்லுச்சு, வெளிய வேலை பாத்தாங்கிற ஒரே காரணத்துக்காக மொத்தமா வாரண்டிய ரத்து பண்ணக்கூடாது, வெளிய பாத்த வேலையால வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம்னு. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனது வேற கதை. உங்க விஷயத்துல அவங்களே காயிலை வாரண்டில மாத்திட்டாங்க, கேஸ் அடிச்சதாலதான் லீக்குன்னு ஒரு பேப்பர்ல கூட எழுதல.

சர்வீஸ்பக்கம்
சரி, எஸ்டிமேட் குடுக்காதது தப்பு, அதுல டீலருக்கு நான் வக்காலத்து வாங்கல. லேபர் 6,500 கேளுங்க, மேல பேசினா பெரும்பாலும் குட்வில்னு, அதாவது நல்லெண்ணத்துக்காகன்னு சொல்லி தந்துடுவாங்க. ஆனா கேஸும் ஆயிலும் கன்சூமபிள், அதாவது பயன்படுத்தத் தீர்ந்து போற பொருள், வாரண்டி புக்குல தெளிவா விலக்கு போட்டிருக்கும். அதையும் சேத்துக் கேட்டா மொத்த கடிதாசியையும் ஓரமா வச்சுடுவாங்க.

நெல்லைடாக்ஸி
இதை நான் ஏத்துக்கவே மாட்டேன். கேஸ் தானா தேஞ்சு போகல, அவங்க காயில் ஓட்டையானதால வெளிய போச்சு. கோளாறு கம்பெனியோடது, அதனால வந்த நஷ்டமும் கம்பெனியோடதுதான். புக்குல அந்த வரிய முழுசா படிங்க கொங்கு, சில கம்பெனி புக்குல வாரண்டி ரிப்பேருக்காகத் தேவைப்படுற ஆயிலு கேஸெல்லாம் சேத்துக்கிறோம்னே போட்டிருக்கும்.

கொங்குடிரைவ்
புக்கு வண்டிலதான் இருக்கு, படிச்சுட்டேன். "சாதாரண பராமரிப்பில் தீரும் ஆயில், கேஸ்" விலக்குன்னு இருக்கு. இது பராமரிப்பு இல்ல, ரிப்பேர். அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து 10,620 முழுசையும் கேட்டுத்தான் மெயில் எழுதப் போறேன், க்ளைம் காப்பியும் அதுலயே கேக்குறேன்.

சர்வீஸ்பக்கம்
அந்த வரி அப்படி இருந்தா கேளுங்க தம்பி. மெயில்ல ஜாப் கார்டு நம்பரும் பில் நம்பரும் கண்டிப்பா போடுங்க, அது இல்லன்னா ஏரியா மேனேஜர் திறந்து கூட பாக்க மாட்டாரு.