மனநல முதலுதவிப் பயிற்சிக்கு எங்கள் வேலையிடத்திலிருந்து யாரை அனுப்புவது?

தாரகை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் உணவுப்பொருள்களைப் பொதிந்து அனுப்பும் ஒரு நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். மொத்தம் 80 பேர் இருக்கிறோம்; பாதிக்கு மேற்பட்டோர் தமிழ் பேசுபவர்கள், அவர்களிலும் பலர் தமிழ்நாட்டிலிருந்து பணி அனுமதியில் வந்தவர்கள்.

மூன்று மாதங்களுக்கு முன் நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஒன்பது ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் ஓர் அண்ணன், காலை வேலை தொடங்கி அரை மணி நேரத்தில், சரக்கு ஏற்றும் இடத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார். குளிரறைக் கையுறைகளைக்கூடக் கழற்றவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டும் நிமிரவில்லை. கண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. ஒருவர் மைலோ கலந்து கொண்டுவந்தார், இன்னொருவர் விபூதி பூசிவிட்டார், மேற்பார்வையாளர் "ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வாங்க, எல்லாம் சரியாயிடும்" என்றார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவருடைய தோளைத் தட்டிக்கொண்டே நின்றேன். எல்லாரும் அன்பினால்தான் செய்தோம். ஆனால் அவருக்குக் கை வெட்டுப்பட்டிருந்தால் எங்கே அழுத்த வேண்டும், எந்தப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பது எங்களில் ஐந்து பேருக்காவது தெரிந்திருக்கும். இதற்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை என்பது இன்றுவரை என்னை உறுத்துகிறது. அவர் இப்போது பலதுறை மருந்தகம் எனப்படும் அரசாங்க மருந்தகம் வழியாகச் சிகிச்சை பெற்று வேலைக்குத் திரும்பிவிட்டார்.

25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்வதால், காயத்துக்கான முதலுதவியாளர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். மனநல முதலுதவிக்கும் இரண்டு பேரை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்ப இயக்குநர் இப்போது ஒப்புக்கொண்டிருக்கிறார். மேற்பார்வையாளர்கள் இருவரையும் அனுப்பலாம் என்பது அவருடைய எண்ணம். மிகைநேர வேலையையும் விடுப்பையும் முடிவு செய்பவர்களிடம் ஊழியர்கள் மனம் திறந்து பேசுவார்களா என்பது என் முதல் ஐயம். பயிற்சி ஆங்கிலத்தில் நடக்கிறது, எங்கள் ஆள்களோ தமிழில் பேசுபவர்கள். அங்கே கற்றதை இங்கே எப்படிச் சொல்வது என்பது இரண்டாவது. ஒருவர் உயிரை விட்டுவிடத் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டால் அதை யாரிடம் கொண்டுபோவது என்பது மூன்றாவது. என்னைத் தூங்கவிடாதது இந்த மூன்றாவதுதான். பயிற்சி பெற்றவர்கள் யாரேனும் இருந்தால் வழி சொல்லுங்கள்.

செந்தாழை எழுதியது:

தாரகை, நான் முதியோர் இல்லம் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். இந்தப் பயிற்சியை ஆறு ஆண்டுகளுக்கு முன் பெற்றேன். இதை 2000ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் பெட்டி கிட்ச்னர், ஆந்தனி ஜோர்ம் என்ற தம்பதியர் தொடங்கினார்கள். மனைவி தாதி, மனச்சோர்வைத் தாமே அனுபவித்தவர். கணவர் மனநல ஆய்வாளர். ஒரு மாலையில் நாயை அழைத்துக்கொண்டு நடந்தபோது இருவருக்கும் தோன்றிய யோசனை இது என்று படித்தேன்.

பயிற்சி யாரையும் ஆலோசகராக ஆக்குவதில்லை என்பதை இயக்குநரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். எலும்பு முறிந்தவரின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் இருப்பவர் அறுவை சிகிச்சை செய்வதில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும். மாற்றத்தைக் கவனித்து ஒருவரை அணுகுவது, உயிருக்கு ஆபத்து உண்டா என்று கணிப்பது, குறை சொல்லாமல் கேட்பது, ஆறுதலோடு சரியான தகவலைத் தருவது, மருத்துவரையோ ஆலோசகரையோ நாடத் துணை செய்வது, குடும்பத்தினரும் நண்பர்களும் அவரைத் தாங்கும்படி பார்த்துக்கொள்வது என்று அதன் படிகள் போகும். இவற்றில் கேட்பதுதான் கடினம். வகுப்பில் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பேச மற்றவர் மூன்று நிமிடம் அறிவுரை சொல்லாமல் கேட்க வேண்டும் என்றார்கள். நோயாளிகளோடு பல ஆண்டுகள் பழகிய நான், ஒரு நிமிடம் ஆவதற்குள் "கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டேன். எதிரே இருந்தவர் உடனே பேச்சை நிறுத்திவிட்டார். அந்தச் சொல் ஒருவருடைய வாயை அடைக்கும் என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். மேற்பார்வையாளர்கள் அறிகுறிகளைத் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். வேலையிட மனநலம் பற்றி 2020 நவம்பரில் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் ஆகிய முத்தரப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆலோசனைக் குறிப்பும் அதைச் சொல்கிறது. அவர்களுக்குத் தனியே ஒரு சிறு பயிற்சி போதும். இருக்கும் இரண்டு இடங்களையும் அவர்களுக்கே கொடுத்துவிடாதீர்கள். கைமாற்றுக் கேட்க, வீட்டுச் சண்டையைச் சொல்ல, ஆங்கிலத்தில் வந்த கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்ல ஆள்கள் ஏற்கெனவே யாரிடம் போகிறார்கள் என்று ஒரு வாரம் உணவு இடைவேளையில் கவனியுங்கள். அந்த ஆளைத்தான் அனுப்ப வேண்டும். அவருக்கும் மனம் ஒப்ப வேண்டும். கட்டாயப்படுத்தி அனுப்பினால் இரண்டு நாளும் வீண்.

மூன்றாவது கேள்விக்கு என் பதில் இது. ஐயம் வந்தால் நேராகக் கேட்டுவிட வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. பலருக்கு அந்தக் கேள்வியே ஒரு பெரிய விடுதலையாக இருக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடக் கூடாது. உடனடி ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. மற்றபடி மனநல மருத்துவமனையான மனநலக் கழகத்தின் 6389 2222, தற்கொலையைத் தடுக்க உதவும் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 1767, 2025 ஜூனில் தொடங்கிய தேசிய மனநல உதவி எண் 1771 ஆகிய மூன்றும் 24 மணி நேரமும் இயங்குகின்றன. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சகோதரி தாரகைக்கு வணக்கம். கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு மேற்பார்வையாளராக இருக்கிறேன். எங்கள் ஆள்கள் தங்கும் விடுதிக்கும் வாரந்தோறும் போய்வருகிறேன். செந்தாழை அக்கா சொன்னவற்றை ஏற்கிறேன் என்றாலும், மொழியைப் பற்றி அவர் தொடாமல் விட்டதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் நம் ஆள்களிடம் காரியம் கெடுவதும் கூடுவதும் அங்கேதான்.

'மனநலம்' என்று நாம் சொன்னால் அவர்கள் காதில் 'புத்தி சரியில்லை' என்று விழுகிறது. அவர்களாக வந்து மனச்சோர்வு என்று சொல்லவேமாட்டார்கள். "தலை பாரமா இருக்கு", "நெஞ்சுல என்னமோ அடைக்குது", "சோறு இறங்கல", "படுத்தா தூக்கம் வரல" என்பார்கள். மருந்தகத்துக்குப் போய்த் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். மூன்றாவது முறை அதே தலைவலி என்றால் அது தலையில் இல்லை என்று நாம் புரிந்துகொள்ள வேண்டும். முகவருக்குக் கட்டிய பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும், தங்கை கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார்கள், ஊரில் அப்பா ஆஸ்பத்திரியில் இருப்பார். இதையெல்லாம் வெளியே சொன்னால் பணி அனுமதியை ரத்து செய்து அனுப்பிவிடுவார்கள் என்ற அச்சம் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும்.

பயிற்சியில் சொல்லித்தரும் ஆங்கில வாக்கியத்தை அப்படியே தமிழாக்கி 'நான் உங்களைப் பற்றிக் கவலைப்படுகிறேன்' என்றால் எதிரே இருப்பவர் மிரண்டுபோவார். "நாலு நாளா நீங்க சரியாச் சாப்பிடலையே, என்னண்ணே ஆச்சு?" என்றால் பதில் வரும். கண்ணால் பார்த்ததைச் சொல்லிக் கேட்பதுதான் நம் வழக்கம்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி, தான் ஆசையாக வாங்கிய சோறு சமைக்கும் குக்கரை அறையில் இருந்த இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் போர்வையையும் கொடுத்தார். ஊருக்குப் போகிறாயா என்று கேட்டால் இல்லை என்றார். பொருளைக் கொடுத்துத் தீர்ப்பது ஓர் எச்சரிக்கை அறிகுறி என்று பயிற்சியில் கேட்டது அப்போது நினைவுக்கு வந்தது. மாடிப்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பி, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஆம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினார். அன்று இரவு முழுவதும் இரண்டு பேர் மாறி மாறி அவரோடு இருந்தோம். வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண்ணான 3129 5000ஐ அவர் கையாலேயே அழைக்க வைத்தோம். அவர் முதலில் கேட்டது, "போலீஸ் பிடிச்சுருமா அண்ணே?" என்பதுதான். தற்கொலைக்கு முயல்வது 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் இல்லை. இந்த ஒரு செய்தியைத் தமிழில் அச்சடித்து விடுதிச் சுவர்களில் ஒட்ட வேண்டும் என்பேன்.

மறுகரை எழுதியது:

நான் உதவி பெற்ற பக்கத்திலிருந்து எழுதுகிறேன். முன்பு நான் வேலை செய்த இடத்தில் பயிற்சி பெற்ற சக ஊழியர் ஒருவர் இருந்தார். தூக்கமின்றித் தவித்த நாள்களில் அவரிடம் ஒரு மாலை எல்லாவற்றையும் சொன்னேன்; அவரும் நன்றாகத்தான் கேட்டார். மூன்று நாள் கழித்து மேலாளர் உணவு மேசையில் மற்றவர்கள் முன்னிலையில், "உங்களுக்கு ஏதோ மன அழுத்தமாமே" என்று விசாரித்தார். அடுத்த வாரம் என் நன்மைக்காக என்று சொல்லி இரவு வேலையிலிருந்து எடுத்தார்கள். அதற்கான படியும் போயிற்று. அந்தச் சக ஊழியர் கெட்டவர் அல்லர். மேலாளர் கேட்டபோது எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் வரையறுத்துத் தரவில்லை. அதன் பிறகு ஓராண்டுக்கு நான் எவரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆகையால், தாரகை, ஆள்களை அனுப்பும் முன்பே எழுத்தில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்: முதலுதவியாளரிடம் ஒருவர் சொன்னது நிர்வாகத்துக்குப் போகாது, உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் போகும், அப்போதும் சொன்னவருக்குத் தெரிவித்துவிட்டுத்தான் போகும். 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் மனநலப் பாதிப்பையும் சேர்த்திருக்கிறது என்பதை இயக்குநருக்கு நினைவூட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய பயிற்சியால் பயின்றவரின் அறிவும் துணிவும் கூடுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. உதவி பெறுபவரின் நிலை அதனால் எவ்வளவு மாறுகிறது என்பதற்கான சான்று இன்னும் மெலிதாகவே இருக்கிறது. பயிற்சி வேண்டாம் என்பதற்காக இதை எழுதவில்லை. வாரத்தில் ஆறு நாளும் பன்னிரண்டு மணி நேர வேலை வாங்கிவிட்டு இரண்டு பேருக்குச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று நிர்வாகம் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

தாரகை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மறுகரை எழுதியதைப் படித்தபோது, அன்று நானும் அந்த அண்ணனைப் பற்றி எத்தனை பேரிடம் பேசினேன் என்று எண்ணிப் பார்த்து மிகவும் வருந்தினேன்.

நேற்று இயக்குநரைச் சந்தித்தேன். ஓர் இடத்தைக் காலை வேலையின் மேற்பார்வையாளருக்கும், மற்றொன்றைப் பொதியும் பகுதியில் இருக்கும் ஓர் அக்காவுக்கும் கொடுக்க இணங்கினார். செந்தாழை சொன்னபடி உணவு இடைவேளையைக் கவனித்தபோது, நான்கு நாளில் ஏழு பேர் அந்த அக்காவிடம் போய் எதையோ பேசிவிட்டு வந்ததைப் பார்த்தேன். அவருக்கு ஆங்கிலம் பேச வரும், எழுதத் தயங்குகிறார். வகுப்புக் குறிப்புகளை மாலையில் அவரோடு உட்கார்ந்து நான் தமிழில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன், காவிரிக்கரை சொன்ன பேச்சுவழக்கிலேயே. இரகசியம் காப்பது பற்றிய ஒரு பக்க உறுதிமொழியை இயக்குநர் படித்துவிட்டு, 'உயிருக்கு ஆபத்து' என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டார். முதலுதவியாளர் உதவி எண்ணை அழைத்துக் கலந்தபின் முடிவு செய்வார் என்று சேர்த்த பிறகு கையெழுத்திட்டார். மிகைநேர வேலையைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் மீண்டும் எடுப்பேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. பேசுவதற்கு இடம் இல்லை. கூட்ட அறை கண்ணாடிச் சுவர் கொண்டது. உள்ளே போகிறவரைத் தளம் முழுவதும் பார்க்கும். குளிரறைக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் வைக்கும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதைக் காலி செய்யலாமா?

செந்தாழை எழுதியது:

செய்யுங்கள், தாரகை. பெட்டிகள் சில அங்கேயே இருக்கட்டும். அப்போதுதான் அதற்குள் போகிறவர் பொருள் எடுக்கப் போகிறார் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். நாற்காலிகளை நேருக்கு நேராகப் போடாமல் சற்றே சாய்வாகப் போடுங்கள், கதவுக்குப் பக்கத்து நாற்காலியை வருபவருக்கு விடுங்கள். குளிரறையிலிருந்து நேரே வருவார்கள் என்பதால் ஒரு கனமான சட்டையும் அங்கே தொங்கட்டும்.