மாட்டில் பங்கு வாங்கிப் பச்சைப்பால் பெறுவதைச் சட்டம் ஏற்கலாமா?

உப்புவெளிவாசி எழுதியது:

என் தங்கை அமெரிக்காவின் வட கரோலினாவில் வசிக்கிறாள். மனிதர் குடிப்பதற்கென்று பச்சைப்பாலை அங்கே விற்க முடியாது. ஆனால் ஒரு கறவைமாட்டில் பங்கு உடையவர் அதன் பாலைப் பதப்படுத்தாமலே எடுத்துச் செல்லலாம் என்று 2018 இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அவள் இப்போது அப்படியொரு பண்ணையில் பங்குகாரி. பங்குக்கு ஒருமுறை பணம் கட்டிவிட்டு, தீவனத்துக்கும் பராமரிப்புக்குமாக மாதந்தோறும் ஒரு தொகை செலுத்துகிறாள். பாலுக்கு விலை என்று எதுவும் இல்லை.

இதைக் கேட்டதிலிருந்து, நாங்களும் ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து இரண்டு பசுக்களை வாங்கி, இங்கே திருகோணமலை மாவட்டத்துத் தம்பலகாமத்தில் தெரிந்த ஒருவரிடம் வளர்க்க விட்டால் என்ன என்று யோசிக்கிறோம். அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள விரும்புகிறேன். இந்தப் பங்கு உண்மையான உடைமைதானா, அல்லது விற்பனைத் தடையைத் தாண்டுவதற்கு வைத்த ஏணியா? இதைச் சட்டபூர்வமாக்குவது சரி என்று நினைக்கிறீர்களா?

சட்டம் படித்தவர் எழுதியது:

இரண்டாகவும் இருக்கலாம், எல்லாம் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சொந்த மாட்டின் பாலைச் சொந்தக்காரர் குடிப்பதை எந்த நாட்டிலும் விற்பனை என்று சொல்ல முடியாது என்பதே இந்த ஏற்பாட்டின் அடிப்படை வாதம். அமெரிக்காவில் மாநில எல்லை தாண்டிப் பச்சைப்பால் விற்பதை 1987 இல் மத்திய அரசு தடைசெய்தது. மாநிலத்துக்குள் என்ன செய்யலாம் என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு. கொலராடோ 2005 இலும், டென்னசி 2009 இலும், வட டகோட்டா 2013 இலும், மேற்கு வேர்ஜீனியா 2016 இலும் பங்கு முறையை ஏற்றுக்கொண்டன.

கனடாவில் இதே வாதம் எடுபடவில்லை. ஒன்ராறியோவில் மைக்கேல் ஷ்மிட் என்ற பண்ணையாளர் மாட்டுப்பங்கு முறையில் பால் கொடுத்ததற்காக வழக்கை எதிர்கொண்டார். 2010 இல் விடுவிக்கப்பட்டு, மறு ஆண்டே மேல்முறையீட்டில் குற்றவாளியாகக் காணப்பட்டார். 2014 இல் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பங்குகாரர்களுக்கு மாட்டின் மீது உடைமையாளருக்குரிய பிடிமானம் எதுவும் இருக்கவில்லை என்பதே அங்கு எடுபட்ட கருத்து.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டியவை இவை: மாடு இறந்தால் நட்டம் யாருக்கு? கன்று யாருடையது? மாட்டை விற்க வேண்டுமென்றால் பங்குகாரரிடம் கேட்பார்களா? மூன்றுக்கும் பதில் “பண்ணைக்காரர் பார்த்துக்கொள்வார்” என்றால், உங்கள் தங்கையிடம் இருப்பது பங்கல்ல, பால் அட்டை.

மூதூர்ப் பட்டிக்காரர் மகன் எழுதியது:

ஐயா கேட்ட மூன்று கேள்விகளுக்கும் எங்கள் வீட்டில் வாய்ப்பேச்சிலேயே பதில் இருந்தது. வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விட்ட மாட்டில் பிறக்கும் கன்றுகள் மாட்டுக்காரருக்கும் வளர்ப்பவருக்கும் பாதிப்பாதி, பால் வளர்ப்பவருக்கு, நோயில் மாடு செத்தால் இருவருக்கும் போச்சு. பால் வாங்குவதற்காக இதைச் செய்தவர்கள் இல்லை, மாடு பெருகுவதற்காகச் செய்தார்கள். கூட்டுடைமை நமக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஆனால் உப்புவெளி அண்ணன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெரும்போகம் விதைத்தவுடன் வயற்புறத்தில் மாடு நிற்க முடியாது. பட்டியைத் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துவிடுவார்கள். அந்த மாதங்களில் விடியற்காலையில் கறந்த பால் வெயிலேற முன் நகரத்துக்கு வந்து சேருவதே பெரும்பாடு. கட்டி வளர்ப்பவரிடம்தான் உங்கள் திட்டம் நிற்கும். அப்படியானால் தீவனச் செலவு நீங்கள் நினைப்பதைவிடக் கூடும்.

ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர் எழுதியது:

உடைமை பற்றி நன்றாகவே பேசியிருக்கிறீர்கள். எனினும் கிருமி உறுதிப்பத்திரம் பார்த்து வருவதில்லை. டென்னசியில் 2018 இல் நொக்ஸ்வில் பகுதியில் பல குழந்தைகள் ஈ.கோலை தொற்றால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. பங்கு முறையில் வழங்கப்பட்ட பச்சைப்பாலோடு அது தொடர்புபடுத்தப்பட்டது. அந்த மாடுகள் நோயாளிகளாகத் தோன்ற வேண்டியதில்லை. இந்தக் கிருமி ஆரோக்கியமான மாட்டின் குடலிலேயே இருந்து, சாணத்தின் துளியொன்றால் மடிக்கும் வாளிக்கும் வந்துவிடும். 2024 இல் அமெரிக்கக் கறவைமாடுகளில் பறவைக்காய்ச்சல் வைரசும் கண்டறியப்பட்டு, அது பாலிலேயே மிகுதியாக வெளிப்பட்டது.

நம் நாட்டு மாடுகளில் நான் முதலில் பார்ப்பது புருசெல்லா என்ற கிருமி. சினைமாடு ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு கன்று வீசினால், அதாவது கருச்சிதைந்தால், அதைச் சந்தேகிக்க வேண்டும். பாலைக் குடித்தவருக்கு விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியுமாக மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொரு காய்ச்சல் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டே காலம் போய்விடும்.

சட்டபூர்வமாக்கலை நான் எதிர்க்கவில்லை. மறைவில் நடப்பதைவிட வெளியில் நடப்பதைச் சோதிப்பது எளிது. மேற்கு வேர்ஜீனியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் கேட்டது, ஆபத்தை அறிந்தே சேர்ந்தோம் என்ற ஒப்புதலைக் கேட்டது, மாடுகளுக்கு நோய்ச் சோதனையும் கேட்டது. இவை இல்லாமல் பங்கை மட்டும் ஏற்பது, கதவைத் திறந்துவிட்டு நாயை அவிழ்த்துவிடுவது போலாகும்.

ஆனால் தம்பி, உங்களுக்கு இந்தச் சங்கடம் ஏன்? அங்கே அவர்கள் காய்ச்சாமல் குடிக்க விரும்புவதால்தான் சட்டம் தேவைப்பட்டது. பதப்படுத்தும் ஆலையில் 72 பாகை செல்சியசில் 15 செக்கன் செய்வதை, பால் பொங்கி வரும்வரை காய்ச்சும் நம் அடுப்பு தாராளமாகச் செய்துவிடும். தயிர் போடுபவரும் காய்ச்சி ஆறிய பாலில்தான் உறை ஊற்றுகிறார். பச்சையாகவே வேண்டும் என்றால் கோயில் அபிஷேகத்துக்குக் கொடுங்கள்.

உப்புவெளிவாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தங்கையின் ஒப்பந்தத்தை வாசித்தேன். கன்றைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவளுக்கு நான்கு வயதில் பிள்ளை இருப்பதால், இன்றிரவே பேசி, பாலைக் காய்ச்சியே கொடுக்கச் சொல்லப்போகிறேன்.

எங்கள் திட்டத்தில் ஒன்றை மாற்றுகிறோம். பசு வாங்குவதற்கு முன், விற்பவரின் பட்டியில் அண்மையில் கன்று வீசிய மாடு உண்டா என்று கேட்டு, இரத்தச் சோதனையும் செய்விப்போம். ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: வாங்கும் இரண்டு பசுக்களுக்கு மட்டும் சோதனை போதுமா, அல்லது அவை நிற்கப்போகும் கொட்டிலில் ஏற்கெனவே உள்ளவற்றுக்கும் வேண்டுமா?

ஓய்வுபெற்ற கால்நடை உத்தியோகத்தர் எழுதியது:

எல்லாவற்றுக்கும் வேண்டும். ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் மாடுகளை உறுதியில் மட்டும்தான் பிரிக்க முடியும்.